கற்கண்டும் கலப்படமும்

'கேண்டி' என்னும் ஆங்கிலச் சொல்லின் பயணம் நெடியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த அச்சொல், அரபியிலும் பாரசீகத்திலும் 'கந்த்' என வழங்குவது. வடமொழியில் 'கண்ட' எனப்படுவது. நம் கற்கண்டில் உள்ள 'கண்டு' அதற்கு உறவுச் சொல்லே. சொல்லைப் போலவே பண்டமும் கிழக்கினின்று மேற்கே சென்றதாகும்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் மருந்து வணிகரிடமும் செல்வர் இல்லங்களிலும் மட்டுமே காணப்பட்ட சர்க்கரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எளியோர் கைக்கும் எட்டியது. பாஸ்டன் நகரின் ஆலிவர் சேஸ் 1847இல் வில்லை மிட்டாய் வெட்டும் பொறியை அமைத்தார். பிரிட்டன் 1874இல் சர்க்கரை வரியை நீக்கியது. சர்க்கரைப் பாகை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சினால், அது ஆறியதும் கண்ணாடி போல் இறுகும். சிறிது புளிப்புச் சேர்த்தால் பூத்துப் போகாது. இதுவே அக்கால மிட்டாயின் நுட்பம்.

சுவைகளோ பல. பெப்பர்மிண்ட், சோம்பு, கிராம்பு, இஞ்சி, எலுமிச்சை, இருமலுக்கு உகந்த அதிமதுரம் ஆகியவை இயற்கை தந்தவை. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியிலோ பேரிக்காயே இல்லாமல் பேரிக்காய் மணம் தரும் வேதிச்சாறு வைக்கப்பெற்றது.

மணத்தில் நுழைந்த செயற்கை, நிறத்திலும் எடையிலும் நஞ்சாய் நுழைந்தது. மஞ்சள் நிறத்திற்கு ஈயக் குரோமேட்டும், சிவப்பிற்குச் செவ்வீயமும் கலக்கப்பட்டதை மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாசல் 1850களில் ஆய்ந்து வெளிப்படுத்தினார். விலைமிக்க சர்க்கரையைக் குறைக்கச் சுண்ணப் பொடி கலப்பதும் வழக்கமாயிருந்தது. 1858 அக்டோபரில் பிராட்போர்டு நகரில் அப்பொடிக்கு மாறாக, மருந்துக்கடைப் பணியாளர் தவறுதலாக 12 பவுண்டு வெள்ளைப் பாடாணத்தை அளந்து கொடுத்துவிட்டார். அதைக் கலந்து செய்த பெப்பர்மிண்ட் மிட்டாயை உண்டு, குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். 200 பேருக்கும் மேல் நோயுற்றனர். 1860இல் கலப்படத் தடைச் சட்டமும், 1868இல் நஞ்சு விற்பனையை முறைப்படுத்தும் மருந்தகச் சட்டமும் பிறந்தன.

பணியாளர் செய்தது பிழை. ஆனால் அப்பிழை உயிர் குடிக்க வழி திறந்தது கலப்பட வழக்கமே என்பதை நாம் மறத்தலாகாது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். சட்டம் உயிர்கள் போனபின் கற்ற பாடத்தை, அறம் முன்னரே கற்பித்திருந்தது. நாளை வணிகம் புரியவிருக்கும் மாணவர்கள் இதை நெஞ்சில் நிறுத்துவார்களாக!