ஷாம்பெயினுக்கு லேபிள் உண்டு... கம்பம் திராட்சைக்கு?

சிறுசேரி சிப்காட்டில் வேலை முடிந்து வெளியே வருகிறீர்கள். தள்ளுவண்டியில் கருநீலத் திராட்சை குவிந்திருக்கிறது. "பன்னீர் திராட்சை சார், நல்லா இனிக்கும்!" என்கிறார் வியாபாரி. அது எந்த ஊர்ப் பழம் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

பிரான்ஸில் இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு. ஷாம்பெயின் என்பது ஒயினின் பெயர் மட்டுமல்ல, ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கே விளைந்த திராட்சையில் அங்கேயே தயாராகும் ஒயினுக்குத்தான் அந்தப் பெயர் என்கிறது அந்நாட்டுச் சட்டம். ஊர்ப் பெயரைக் காக்க 1935-லேயே தனி அமைப்பை உருவாக்கிவிட்டார்கள்.

நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் இது. உள்ளே விதை, தனி மணம். சாப்பிடவும் ஜூஸ், ஒயின் தயாரிக்கவும் ஏற்றது. தேனி மாவட்டத்தின் சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் ஆண்டு முழுக்க அறுவடை நடக்கிறது.

ஆனால், பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் பாதிக்கப்படும். பறித்தால் சில நாள்தான் தாங்கும். அதனால் வியாபாரி சொல்லும் விலைக்கே விவசாயி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஷாம்பெயின் பாட்டிலில் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிறது. வண்டியில் குவித்த பழத்தில் அது இல்லை. குறியீடு கிடைத்தாலும், ஊர்ப் பெயர் நம் கைக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது.

அடுத்த முறை வாங்கும்போது, "கம்பம் பழமா அண்ணே?" என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அந்தப் பெயருக்கு விலை கிடைக்கும்!