பீரியட்ஸ் தள்ளிப்போகுதா? மூளையிலிருந்து வர்ற சிக்னலை கவனிங்க!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களைப் பாருங்கள். அத்தனை இளம்பெண்கள்! வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட சிப்காட் பணியாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். சொந்த ஊரைவிட்டு வந்து, நைட் ஷிஃப்ட் பார்த்து, டிபனைத் தவிர்த்து ஓடும்போது பீரியட்ஸ் தள்ளிப்போனால், 'உடம்பு சூடுப்பா' என்று மோர் குடித்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் விஷயம் சூடு அல்ல, மூளை!

உத்தரவு எங்கிருந்து வருது?

மூளையின் அடிப்பகுதியில், பாதாம்பருப்பு அளவில் இருப்பது ஹைப்போதலாமஸ். அங்குள்ள சில நரம்பு செல்கள் 'கிஸ்பெப்டின்' என்ற குட்டிப் புரதத்தைச் சுரக்கின்றன. இதற்கான மரபணு 1996-ல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் புகழ்பெற்ற 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். இந்த சிக்னலை வாங்கும் ஏற்பியில் கோளாறு இருந்தால் பெண் பருவமடைவதே தடைப்படும் என்பது 2003-ல் தெரியவந்தது.

கிஸ்பெப்டின் தட்டி எழுப்பினால்தான் ஜி.என்.ஆர்.ஹெச் என்ற ஹார்மோன் வெளிவரும். அது குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடாது. மாத சுழற்சியின் முதல் பாதியில், சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை துடிப்பாக வரும். அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச் ஹார்மோன்களை அனுப்பும். அவைதான் சினைப்பையில் முட்டையை வளர்த்து, வெளியேற்றி, ஈஸ்ட்ரோஜனையும் சுரக்க வைக்கின்றன.

ஏன் நின்னுபோகுது?

உடம்பில் எவ்வளவு சக்தி கையிருப்பு இருக்கிறது என்பதை, கொழுப்பு செல்களில் சுரக்கும் லெப்டின் மூளைக்குச் சொல்லும். சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ, மன அழுத்தம் கூடினாலோ, 'கர்ப்பத்தைத் தாங்க இது நேரமில்லை' என்று மூளை துடிப்பைக் குறைத்துவிடும். இரவு பகல் மாறி மாறி வேலை பார்ப்பதும் இந்தத் தாளத்தைக் கலைக்கலாம். பி.சி.ஓ.டி உள்ள பலருக்கு இதற்கு நேர்மாறாகத் துடிப்பு வேகமாகி, எல்.ஹெச் கூடும்.

'கல்யாணத்தப்போ பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் நீண்ட நாள் குறைந்தால் எலும்பு பலமிழக்கும். எலும்பு முழு வலு சேர்க்கும் வயதே இந்த இருபதுகள்தான்.

என்ன செய்யலாம்?

* எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் மூன்று வேளை சாப்பாட்டை விடாதீர்கள். முட்டை, சுண்டல், பயறு என்று ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும்.

* நைட் ஷிஃப்ட் முடிந்ததும் போனை ஓரம்வைத்து, அறையை இருட்டாக்கித் தூங்குங்கள்.

* பீரியட்ஸ் தேதியைக் குறித்துவையுங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அந்த டெஸ்ட்டை எடுங்கள்.

* தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் அளவுகளையும் பரிசோதிப்பார்கள். இ.எஸ்.ஐ கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

* மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போட்டு பீரியட்ஸை வரவைக்க வேண்டாம். ரத்தப்போக்கு வந்துவிடலாம், ஆனால் மூளை துடிப்பைக் குறைத்த காரணம் அப்படியேதான் இருக்கும்.