தீபாவளி வீட்டில் அரசியல் சண்டை: அடியில் கிடப்பது கடன் கணக்கா?

சில ஆண்டுகளாகத் தீபாவளியும் அரசியலும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன. 2022இல் அக்டோபர் 7ஆம் தேதி வரவு செலவுத் திட்டம் தாக்கலானது. மூன்றே நாளில் நாடாளுமன்றம் கலைந்தது. 24ஆம் தேதி தீபாவளி, நவம்பர் 19இல் பொதுத்தேர்தல். 2024இல் அக்டோபர் 18ஆம் தேதி பட்ஜெட், 31ஆம் தேதி தீபாவளி. 2025இல் பட்ஜெட் அக்டோபர் 10ஆம் தேதி, தீபாவளி 20ஆம் தேதி. ஆக, முறுக்குத் தட்டு மேசைக்கு வரும்போதே பெட்ரோல் விலையும் உதவித் தொகையும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாமா ஒருவர், ம.இ.கா. அந்தக் காலத்தில் செய்ததைச் சொல்வார். பட்டணத்தில் வேலை பார்க்கும் மருமகன், அப்படியென்றால் நமக்கு ஏன் இந்த நிலைமை என்று கேட்பார். ஒருவர் பிகேஆர், ஒருவர் ஜசெக, இன்னொருவர் யாருக்குமே ஓட்டுப் போடுவதில்லை என்பார். கால் மணி நேரத்தில் கட்சிகள் மறைந்து, "நீ வாங்கின காருக்கு யார் காரணம்?", "அப்பா மருத்துவச் செலவுக்கு யார் கொடுத்தார்கள்?" என்று பேச்சு திரும்பிவிடும். சத்தம் உண்மையில் கூடுவது அந்த இடத்தில்தான்.

பண்டிகை நாளில் அரசியல் பேசாதீர்கள் என்பது வழக்கமான அறிவுரை. அது பாதிதான் உதவும். பேச்சை அடக்கினாலும் அடியில் உள்ள பணப் பிரச்சினை அப்படியே இருக்கும். அதைவிட, எது அரசாங்கம் எடுத்த முடிவு, எது வீட்டில் எடுத்த முடிவு என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

மலேசியக் குடும்பங்களின் கடன் 2023 இறுதியில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 84.2 விழுக்காடு என்று பேங்க் நெகாரா கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன். அடுத்த பெரிய பங்குகளில் வாகனக் கடன் ஒன்று. ஆகவே கடன் இருப்பதே கெட்டிக்காரத்தனம் இல்லாததற்கு அடையாளம் என்று யாரும் யாரையும் குத்திக் காட்ட வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பதே கடனோடுதான் வந்தது.

அரசாங்கத்தின் பங்கு எது?

மாமா சொல்வதிலும் மருமகன் சொல்வதிலும் உண்மை உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ரோன் 95 பெட்ரோல் 2025 செப்டம்பர் 30இல் மலேசியர்களுக்கு லிட்டருக்கு 1.99 ரிங்கிட் ஆனது, அப்போது மாதம் 300 லிட்டர் வரை. 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களுக்கு 2025இல் ஒருமுறை தரப்பட்ட 100 ரிங்கிட் 'சாரா' உதவியை வைத்துத் தீபாவளி மளிகை வாங்கிய வீடுகள் உண்டு. இவையெல்லாம் அரசியல் முடிவுகள். பாராட்டவும் குறை சொல்லவும் எல்லாருக்கும் உரிமை இருக்கிறது.

ஊழியர் சேமநிதி விவகாரமும் அப்படித்தான். கோவிட் காலத்தில் முஹிடின் யாசின், இஸ்மாயில் சப்ரி ஆட்சிகளில் நான்கு திட்டங்களின் வழி 145 பில்லியன் ரிங்கிட் சேமநிதியிலிருந்து வெளியே போனது. அன்று கைகொடுத்த பணம் என்று ஒரு சாராரும், முதுமைக்கு வைத்ததைக் கரைத்துவிட்டார்கள் என்று இன்னொரு சாராரும் இன்னும் வாதாடுகிறார்கள். அன்வார் இப்ராஹிம் ஆட்சியில் 2024 மே 11 முதல் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது: ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிலெக்சிபல் கணக்குக்கு 10. அந்தக் கதவைத் திறந்தது அரசாங்கம். அதிலிருந்து எடுத்துச் சோபா மாற்றுவதா வேண்டாமா என்பது வீட்டு முடிவு.

வீட்டுக் கடன் வட்டி சற்று வேறு கதை. பேங்க் நெகாராவின் ஓபிஆர் வட்டி விகிதம் 2022 மே தொடங்கி ஓராண்டில் 1.75 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏறியது. 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியது. 200,000 ரிங்கிட் கடனும் 30 ஆண்டுத் தவணையும் மிச்சமுள்ள ஒருவருக்கு வட்டி 3 விழுக்காட்டிலிருந்து 4.25 ஆனால் மாதத் தவணை ஏறக்குறைய 140 ரிங்கிட் கூடும். அதை முடிவு செய்வது மத்திய வங்கியின் குழு. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் அது இருந்ததில்லை. ஆனாலும் தீபாவளி மேசையில் அந்த 140 வெள்ளிக்கும் ஏதாவது ஒரு தலைவர் திட்டு வாங்குவார்.

555 புத்தகம் இருந்த காலம்

தோட்டத்தில் கடன் இல்லாமல் யாரும் தீபாவளி கொண்டாடியதில்லை. பல தோட்டங்களில் நிர்வாகம் பண்டிகைக்கு முன்பணம் கொடுத்து, பிறகு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். கடையில் அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் 555 புத்தகத்தில் எழுதப்படும். உள்ளங்கை அளவுள்ள அந்தச் சின்னப் புத்தகம் இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அதில் அவமானமும் இருந்தது. ஆனால் ஒரு வசதியும் இருந்தது: எவ்வளவு கடன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் பிள்ளைக்கும் தெரியும்.

இன்று கணவரின் கிரெடிட் கார்டு அவர் கைப்பேசியில், மனைவியின் 'இப்போது வாங்கி, பிறகு கட்டு' தவணை அவர் கைப்பேசியில், மகனின் மோட்டார் சைக்கிள் கடன் அவன் கைப்பேசியில். மொத்தத் தொகை யாரிடமும் இல்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் புதுச்சட்டை எடுக்கும்போது ஒருவர் முகம் சுளிப்பதற்கும், மறுநாள் அவரே வாட்ஸ்அப் குழுவில் விலைவாசியைப் பற்றிச் சூடாக எழுதுவதற்கும் தொடர்பு இருக்கலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். துணி, பலகாரம், திறந்த இல்ல உபசரிப்பு, அங்பாவ் என்று ஒருவர் 3,000 ரிங்கிட்டைக் கிரெடிட் கார்டில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தோடு கட்டி வருபவருக்கு ஆண்டு வட்டி 15 விழுக்காடு; அடிக்கடி தவறுபவருக்கு 18 விழுக்காடு. 18 என்றே கொள்வோம். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் மாதாமாதம் தவறாமல் கட்டுகிறார். ஒரு வருடத்தில் அவர் கட்டியது சுமார் 1,500 ரிங்கிட். கடன் குறைந்ததோ சுமார் 1,060 ரிங்கிட்தான். அடுத்த தீபாவளி வாசலுக்கு வரும்போது போன தீபாவளியில் இன்னும் 1,940 ரிங்கிட் பாக்கி. புதுச் செலவு அதன் மேல் ஏறும். ஒழுங்காகக் கட்டுகிறேனே என்று அவர் சொல்வது பொய் இல்லை. அதனால்தான் வீட்டில் கேள்வி கேட்டால் கோபம் வருகிறது.

தனிநபர் கடனில் இன்னொரு மயக்கம். 5,000 ரிங்கிட், மூன்று ஆண்டு, 8 விழுக்காடு நிலை வட்டி என்று விளம்பரம் சொல்லும். மொத்த வட்டி 1,200 ரிங்கிட், மாதம் 172. அசல் குறையக் குறைய வட்டி குறையாத முறை இது என்பதால், உண்மையில் விழும் வட்டி ஆண்டுக்கு 14 விழுக்காட்டைத் தாண்டும். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்?

அவசரத்துக்கு நகையை அடகு வைப்பது பலரும் நினைப்பதுபோல் கேவலமான வழி அல்ல. உரிமம் பெற்ற அடகுக்கடையில் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும் அல்லது தவணையை நீட்டிக்க வேண்டும். அந்தத் தேதியை மறந்தால் தாலிக்கொடியும் போகும். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, பிணையுள்ள கடனுக்கு 12 விழுக்காடு மட்டுமே வாங்கலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின் நகலும் தர வேண்டும். ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடு என்று கேட்பவர் வட்டி முதலை. சம்பள நாளில் அவரே பணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும் பழக்கம் தோட்டப்புறத்தில் பலர் கண்ணால் பார்த்தது.

தெரிந்தவர்கள் சேர்ந்து பிடிக்கும் கூட்டுச் சீட்டையும் சொல்ல வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதை நடத்துவதைத் தடை செய்கிறது. தலைவியம்மா நல்லவராகவே இருக்கலாம். இரண்டு பேர் எடுத்துக்கொண்டு ஓடினால் அவரும் சேர்ந்துதான் மாட்டுவார்.

"உன் பேரில் எடுத்துக் கொடு"

பண்டிகையில் உறவு முறிவதற்குச் செலவைவிடப் பெரிய காரணம் கையெழுத்து. எல்லாரும் ஒன்றாகக் கூடும் நாள் என்பதால் கேட்பதும் அன்றுதான் நடக்கிறது. "மச்சான், கார் எடுக்கப் போறேன், ஒரு கையெழுத்து" என்று பலகாரத் தட்டோடு கேட்டால் யார்தான் மறுப்பார்?

இங்கே இரண்டு வகைக் கையெழுத்து உண்டு. இரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் விபரீதம் தொடங்குகிறது. முதலாவது, கெரண்டர் எனப்படும் பிணையாளராக நிற்பது. 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, லாபம் கருதாமல் ஒருவரின் கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டு வாகனக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ பிணை நிற்பவர் 'சமூகப் பிணையாளர்'. அவரைத் திவாலாக்க முடியாது. மற்றக் கடன்களுக்குப் பிணை நிற்பவரைத் திவாலாக்க, கடன் வாங்கியவர் மீது எல்லா நடவடிக்கையும் எடுத்துப் பார்த்த பிறகு நீதிமன்ற அனுமதி வேண்டும். திவால் நடவடிக்கைக்குக் குறைந்தபட்சக் கடன் இப்போது 100,000 ரிங்கிட். ஆனால் திவாலாக்க முடியாது என்பதற்கு, கேட்க முடியாது என்று பொருளல்ல. பணத்துக்காகச் சமூகப் பிணையாளர் மீதும் வழக்குத் தொடுக்க வங்கியால் முடியும்.

இரண்டாவது, "என் பேர் சிசிரிஸ்ல அடிபட்டிருக்கு, உன் பேரில் எடுத்துக் கொடு, மாசாமாசம் நான் கட்டுறேன்" என்பது. இதில் கையெழுத்துப் போடுபவர் பிணையாளரே அல்ல, கடன்காரரே அவர்தான். மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் அவருக்குக் கிடையாது. தவணை நின்றால் அவர் பெயர்தான் கெடும், அவர் வீட்டுக்கடன் விண்ணப்பம்தான் நிராகரிக்கப்படும். 'சம்போங் பாயார்' என்று காரைக் கைமாற்றிவிடுவதும் இதே கதைதான். கார் வேறொருவரிடம் ஓடும், கடன் முதல் ஆளின் பெயரில் இருக்கும். தங்கை கணவருக்காக இப்படிக் கையெழுத்துப் போட்ட அண்ணன், மூன்று ஆண்டு கழித்துத் தங்கை வீட்டுத் தீபாவளிக்கே போகாமல் இருப்பதை எந்த அரசியல் சண்டையோடும் ஒப்பிட முடியாது.

மறுப்பது கஷ்டம் என்றால் வங்கியைச் சாட்டலாம். தன் கடன் அறிக்கையை பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதைக் காட்டி, எனக்கே தவணை இவ்வளவு போகிறது என்று சொன்னால் கேட்டவருக்கும் முகம் வாடாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, சேவை இலவசம். வரவு, செலவு, எல்லாக் கடன் விவரங்களையும் எடுத்துக்கொண்டு போனால், வங்கிகளோடு பேசித் தவணையைச் சுமக்கக்கூடிய அளவுக்கு மாற்றி அமைக்க உதவுவார்கள். திட்டத்தில் இருக்கும்வரை புதுக் கடன் வாங்குவது எளிதல்ல. வட்டி முதலையிடம் வாங்கியதை அவர்களால் தீர்த்துவைக்க முடியாது. அதற்குப் போலீஸ் புகார்தான் வழி. ஏகேபிகே பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் தீபாவளியன்று பேசும் விஷயமா என்றால், இல்லை. அன்று பாட்டி இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், யாருக்காவது இரண்டு கிளாஸ் உள்ளே போயிருக்கும். பேச வேண்டியது துணி எடுக்கப் போகும் முன், கணவன் மனைவி இருவருக்குள், அல்லது பெற்றோரும் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் மட்டும் உட்கார்ந்து. ஒரு தாளில் யாருக்கு எந்தக் கடன், மாதம் எவ்வளவு, எப்போது முடியும் என்று எழுதினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2025 தீபாவளியில் அவசரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அக்டோபரில் தேய்த்த கார்டுக்கு நவம்பரில் பில் வந்தது. 2026 பள்ளித் தவணையோ பிப்ரவரிக்குக் காத்திராமல் மறுபடியும் ஜனவரியிலேயே தொடங்கியது. சீருடை, காலணி, பஸ் கட்டணம் எல்லாவற்றுக்கும் இடையில் இருந்தது இரண்டு சம்பளம்தான்.