மூலக்கூற்றின் வடிவமும் இலத்திரன் சோடிகளும்

காபனீரொட்சைட்டு மூலக்கூறு நேர்கோட்டு வடிவினது. நீர் மூலக்கூறோ வளைந்தது. இரண்டிலும் நடுவணு ஒன்றும் அதனோடு இணைந்த அணுக்கள் இரண்டுமே உள. இவ்வேறுபாடு எதனால் எழுந்தது?

1940 ஆம் ஆண்டிற் சிட்ஜ்விக்கும் பவலும் காட்டிய வழியை 1957 இற் கில்லெஸ்பியும் நைஹோமும் விரித்துரைத்தனர். நடுவணுவின் வெளியோட்டிலுள்ள இலத்திரன் சோடிகள் ஒன்றையொன்று தள்ளி, இயன்றவரை விலகி நிற்கும் என்பதே அவர்தம் கொள்கை.

மெதேனில் நான்கு பிணைப்புச் சோடிகளும் நான்முகியின் முனைகளை நோக்கி அமைய, பிணைப்புக் கோணம் 109.5 பாகையாகின்றது. அமோனியாவில் நான்கனுள் ஒன்று பிணைப்பிற் சேராத தனிச்சோடி. அஃது ஒரு கருவினால் மட்டுமே ஈர்க்கப்படுதலின் அகன்று பரந்து, ஏனையவற்றை மிகுதியாகத் தள்ளும். கோணம் ஏறத்தாழ 107 பாகையாகக் குறுகும். நீரில் தனிச்சோடிகள் இரண்டு, கோணம் 104.5 பாகை. காபனீரொட்சைட்டின் காபனிலோ தனிச்சோடி இல்லை. இரட்டைப் பிணைப்பு ஒவ்வொன்றும் ஒரு திசையையே கொள்ளுதலின், ஒட்சிசன் அணுக்கள் எதிரெதிரே நிற்கின்றன.

இவ்வளைவினாலேயே நீர் முனைவுடையதாகி, உப்பைக் கரைக்க வல்லதாயிற்று. ஐதரசன் சல்பைட்டிற் கோணம் ஏறத்தாழ 92 பாகையே. ஆகவே இவ்விதி வடிவை முன்னுரைக்குமேயன்றிக் கோணத்தின் அளவைத் திட்டமாகக் கூறாது. எனினும், சூத்திரத்தை நோக்கும் மாணவர் அதில் எழுதப்பெறாத தனிச்சோடிகளையும் எண்ணுதல் வேண்டும். வடிவை வகுப்பன அவையுமாம்.