அடைப்புக்குறியும் ஒரு கட்டளைதான்

லினக்ஸ் கணினியில் கட்டளைகள் தங்கும் 'பின்' கோப்புறையைப் பட்டியலிட்டால் ஒரு கோப்பின் பெயர் திகைக்க வைக்கும்: வெறும் [ மட்டும். தவறி விழுந்த எழுத்தல்ல. 'டெஸ்ட்' கட்டளையின் மறுபெயர். ஷெல் ஸ்கிரிப்டில் இரண்டு சரங்கள் ஒன்றா என்று பார்த்துச் சொல்வது இதுதான். (வேகத்துக்காக ஷெல்கள் தமக்குள்ளேயும் ஒன்றை வைத்திருக்கின்றன. விதிகள் அதேதான்.)

இதை இலக்கணக் குறி என்று நினைப்பதில்தான் பாதித் தொல்லை. கட்டளை என்பதால் அடுத்து இடைவெளி வேண்டும், மூடும் ] கூட அதற்கு அனுப்பப்படும் கடைசிச் சொல்தான். ஒப்பிடும் சொல் 'ஆம்' என்றிருக்க, இடைவெளி விட்டுப்போனால் ஷெல் '[ஆம்' என்றொரு கட்டளையைத் தேடிவிட்டுக் கைவிரிக்கும்.

காலி மாறி இன்னும் வஞ்சகமானது. [ $விடை = ஆம் ] என்று ஒரு வரி; மாறியின் பெயர் விளங்குவதற்காகத் தமிழில். ஷெல் முதலில் மதிப்பை இட்டு நிரப்பும், பிறகே கட்டளையை அழைக்கும். விடை காலியென்றால் கட்டளையிடம் போய்ச் சேர்வது '= ஆம் ]' மட்டுமே; சமக்குறிக்கு இடப்பக்கம் ஆளில்லை. பிழைச்செய்தி ஒரு வரி வரும். 'இஃப்' அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்ள, ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடும். அது ஒரு மென்பொருளைக் கட்டமைக்கும் ஸ்கிரிப்ட் என்றால், கடைசியில் அந்த மென்பொருளில் ஏதோ ஒரு வசதி இருக்காது. ஓடி மறையும் வரிகளை யார் படிக்கிறார்கள்?

மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் தீர்ந்தது. சில பழைய ஷெல்களில், மதிப்பு கோடு போன்ற குறியில் தொடங்கினால் அதுவும் போதாது. ஆகவே இரு பக்கமும் ஓர் 'எக்ஸ்' எழுத்தை ஒட்டினார்கள். மென்பொருளைக் கட்டமைக்குமுன் கணினியைச் சோதிக்கும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டுகளில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2006இல் உபுண்டு 6.10 ஸ்கிரிப்டுகளை ஓட்டும் தன் பொது ஷெல்லை பாஷிலிருந்து டாஷுக்கு மாற்றியபோது வேறொரு குட்டு வெளிப்பட்டது. பாஷ் பெருந்தன்மையாக ஏற்ற == குறியை டாஷ் ஏற்கவில்லை; அது கேட்டது ஒற்றை =. பழி டாஷ் மேல் விழுந்தது. ஆனால் முதல் வரியில் பொது ஷெல்லின் பெயரைப் போட்டுவிட்டு பாஷுக்கு மட்டும் புரிவதை எழுதியது யார் குற்றம்?

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. விண்டோஸில் சேமித்த கோப்பில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், 13உம் 10உம். யூனிக்ஸில் 10 மட்டும். அமைப்புக் கோப்பிலிருந்து படித்த 'ஆம்' வாலில் 13ஐ ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் இனிஷியலுக்குப் பின் ஒரு புள்ளி கூடக்குறைய இருந்தால் திருப்பியனுப்பும் எழுத்தரைப்போல, கணினி இரண்டும் வேறு என்றே சொல்லும். திரையில் அச்சிட்டுப் பார்த்துப் பயனில்லை. 'ஓடி' கட்டளையை 'சி' விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். அந்த வாலும் சிக்கும்.