மொசாம்பிக்கில் மீண்டும் முந்திரி

புதுவை குபேர் அங்காடியில் வாங்கும் முந்திரிப் பருப்பைப் பண்ருட்டிச் சரக்கு என்கிறோம். உடைத்தது பண்ருட்டியாக இருக்கலாம். விளைந்தது ஆப்பிரிக்காவாகவும் இருக்கலாம். உள்நாட்டு விளைச்சல் ஆலைகளுக்குப் போதாததால் அங்கிருந்து கப்பலில் கொட்டை தருவிக்கிறார்கள். அனுப்பும் நாடுகளுள் மொசாம்பிக்கும் ஒன்று.

பிரேசிலிலிருந்து முந்திரியை இங்கும் அங்கும் கொண்டு வந்தவர்கள் போர்த்துகீசியரே. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 இலட்சம் டன் கொட்டை எடுத்து உலகில் முன்னணியில் நின்றது மொசாம்பிக். 1977இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1992இல்தான் ஓய்ந்தது. உழவர்கள் ஊரைவிட்டு ஓடினர். பாதைகளில் கண்ணிவெடி. கொட்டை வாங்க வந்த சிறு கடைக்காரர்களும் போய்விட்டனர். பார்ப்பாரின்றி மரங்கள் கிழடாயின. பூங்கொத்தைச் சாம்பல் நோய் அரித்தது. போர் நின்ற மறுநாளே காய்த்துவிடுமா, என்ன?

1990களின் நடுவில், உலக வங்கியின் வற்புறுத்தலால் கொட்டை ஏற்றுமதி வரியைக் குறைத்தார்கள். உழவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது கணக்கு. கொட்டை இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். உழவர் கைக்குச் சேர்ந்ததோ சொற்பம். பிறகு வரியை உயர்த்தினர். அரசின் முந்திரி நிறுவனம் புதுக் கன்றுகளைக் கொடுத்து, சாம்பல் நோய்க்கு மருந்து தெளிக்கவும் ஏற்பாடு செய்தது.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. ஒட்டுக்கன்று நட்டு, காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நம்மவர்க்கு அந்த உழவரின் பாடு விளங்கும். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே காய்ப்புக்கு வந்தபோது, கொட்டையை உடைக்க ஆலைகள் பக்கத்திலேயே இருந்தன.