கேட்பதற்கு ஒரு முதுநிலைப் படிப்பு

திருத்துறைப்பூண்டியில் கோயில் கொண்டிருக்கும் சாமிக்கே பிறவி மருந்தீசர் என்றுதான் பெயர். பக்கத்தில் முத்துப்பேட்டை ஜாம்புவானோடை தர்காவுக்கு, மனம் பேதலித்தவர்களை அழைத்துக்கொண்டு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். மனசு சரியில்லை என்றால் யாரிடமாவது கூட்டிப்போக வேண்டும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ‘யாரோ’ என்ன படித்திருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். சைக்காலஜி முடித்த மகளை வைத்துக்கொண்டு, “மேலே எம்.எஸ்சி. படிச்சா கிளினிக் போட்டுடலாமா?” என்று கேட்கும் பெற்றோருக்கும் அதே குழப்பம்தான்.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநலம் படித்தவர். மருத்துவ உளவியலாளர் வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது: இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பு, நோயாளிகளோடு மேற்பார்வையில் பெற்ற பயிற்சி. இதுவரை அது பெரும்பாலும் இரண்டு ஆண்டு எம்.பில். ஆக இருந்தது. இப்போது அந்தப் பட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. சேரும் முன் குழுமத்தின் பட்டியலைப் பார்ப்பது நல்லது. மூன்றாமவர்தான் ஆலோசகர், அதாவது கவுன்சலர். இங்கேதான் வேலியே இல்லை. வாரக் கடைசியில் நடந்த வகுப்பின் சான்றிதழை மாட்டிக்கொண்டவரும் கவுன்சலர், இரண்டு வருடம் முதுநிலை படித்தவரும் கவுன்சலர். 2021 இல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் இவர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. ஆனால் நடைமுறை இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

அப்படியானால் அந்த இரண்டு வருடத்தில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? ஃபிராய்டு, ரோஜர்ஸ், பெக் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறார்கள். அதற்குக் கல்லூரிக் கட்டணம் தேவையில்லை. கட்டணம் எதற்கென்றால், நாம் ஒருவரிடம் பேசியதை அனுபவமுள்ள இன்னொருவர் வரிவரியாகப் படித்துத் திருத்துவதற்கு. அமெரிக்காவின் கார்ல் ரோஜர்ஸ் 1942 இல் வெளியிட்ட நூலில், ஒரே ஆளுடன் நடந்த எட்டு அமர்வுகளின் பேச்சைப் பதிவுசெய்து முழுமையாக அச்சிட்டார். மூடிய அறைக்குள் நடப்பதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டிய வேலை அது. இன்றும் நல்ல துறைகளில் மாணவர்கள், வந்தவரின் சம்மதத்தோடு, பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வந்தவர்: போன வருஷமும் சம்பா முழுகிப்போச்சு. அவரு வாயே தொறக்கிறதில்ல. நான் எதுக்கு இருக்கணும்னு தோணுது.

மாணவி: அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க. எல்லாம் சரியாயிடும்.

எந்த வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பதில் அன்பான பதில்தான். மேற்பார்வையாளர் மட்டும் அதன்மேல் சிவப்பு மையில் கோடு போடுவார். அந்தப் பெண் எவ்வளவோ தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு வாக்கியத்தை மாணவி அங்கேயே அமுக்கிவிட்டாள்; இனி அவர் அதைச் சொல்லமாட்டார். கேட்டிருக்க வேண்டியது, “உயிர விட்டுடலாம்னு தோணுதாக்கா?” என்று நேராக. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, “வீட்ல பூச்சிமருந்து இருக்கா, எங்க வச்சிருக்கீங்க?” நெல் விளையும் ஊரில் அந்த டப்பாவை வேறொருவர் பொறுப்பில் பூட்டிவைக்கச் செய்வதும் சிகிச்சையில் சேர்ந்தது. இப்படிக் கேட்கும்போது குரல் நடுங்காமலிருக்கத்தான் பயிற்சி.

சின்ன ஊருக்கென்று இன்னொரு பாடமும் உண்டு. காலையில் அழுதுவிட்டுப் போனவர் சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் நம் முன்னால் நிற்பார். அவராகப் பேசாமல் நாம் பேசக்கூடாது, அவர் மாமியாரே வந்து, “எம் மருமவ என்னம்மா சொன்னா?” என்று கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது. ரகசியத்துக்கும் எல்லை இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் உரியவருக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைமீது பாலியல் வன்முறை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இந்த எல்லையை முதல் நாளே வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதும் பாடத்தில் வரும்.

குறுகிய காலப் பயிற்சியே வீண் என்று சொல்லவரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் தமிழகக் கடலோரத்தில் களப்பணியாளர்களுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்து இந்தப் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்தபோதும், முதலில் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆட்கள்தான். அது முதலுதவி. பத்து வருடக் குடியையோ, சிறுவயதில் பட்ட காயத்தையோ அதைக்கொண்டு தொட முடியாது.

எங்கே படிக்கலாம்? நம் மாவட்டத்திலேயே நீலக்குடியில், 2009 இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் ஆலோசனை உளவியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. வீட்டிலிருந்தபடியே தபாலில் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது.

சேரப்போகும் இடத்தில் கட்டிடத்தையும் கேண்டீனையும் பார்ப்பதைவிட ஒன்றைக் கேட்கலாம்: நிஜ ஆட்களோடு எத்தனை மணிநேரம், யார் மேற்பார்வையில்? அமெரிக்காவில் ஆலோசனைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 100 மணிநேரச் செய்முறையும் 600 மணிநேரக் களப்பயிற்சியும் கேட்கிறது. அந்தக் கணக்குப் பக்கம்கூட வராத படிப்பென்றால், முடித்த பிறகு மேற்பார்வையாளர் ஒருவரை நாமே தேடி, சம்பாத்தியத்தில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்க வேண்டியிருக்கும். தொடக்கச் சம்பளம் அப்படியொன்றும் பெரிதல்ல என்பதையும் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் வேலைக்கு இடம் கூடுகிறது: நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.